சாம்பல் படகா, வெள்ளைப் படகா? குடும்பத்தோடு சொலண்ட் கடலில் போக ரிப் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்ப்ஷயருக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் நடுவே இருக்கும் கடல்தான் சொலண்ட். கோடை வந்தால் லண்டனிலிருந்தும் ரெடிங், சவுத்தாம்ப்டன் பக்கமிருந்தும் நம் குடும்பங்கள் இங்கே படகோடு வருவது கூடிக்கொண்டே போகிறது. வாங்க நினைக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்: "இரண்டு ரிப் பார்த்து வைத்திருக்கிறோம். நீளம் ஒன்று, விலை ஒன்று. எதை எடுக்கலாம்?"

பதில் சொல்ல வசதியாக, பழைய படகுச் சந்தையில் எப்போதும் கண்ணில் படும் இரண்டு வகையை எடுத்துக்கொள்கிறேன். சாம்பல் படகு: 5.4 மீட்டர், அலுமினிய அடிப்பாகம், ஹைபலான் டியூப், கால் இருபுறமும் போட்டு உட்காரும் ஜாக்கி இருக்கைகள் நான்கு, 90 எச்.பி. இயந்திரம், 70 லிட்டர் எரிபொருள் தொட்டி. வெள்ளைப் படகு: 5.5 மீட்டர், ஃபைபர் கிளாஸ் அடிப்பாகம், பி.வி.சி. டியூப், ஓட்டுபவருக்கு இருவர் அமரும் இருக்கை, பின்னால் முழு அகல பெஞ்ச், முன்னால் மெத்தை, 100 எச்.பி., 100 லிட்டர் தொட்டி. குடும்பம் என்பது அம்மா, அப்பா, ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறைக்கு வந்து நிற்கும் அம்மம்மாவும் உண்டு.

ரிப் என்றால் என்ன? ஏன் குடும்பங்கள் அதைத் தேடுகின்றன?

அடிப்பாகம் கெட்டியான 'வி' வடிவம், சுற்றிலும் காற்றடைத்த டியூப். அவ்வளவுதான். 1960களில் வேல்ஸ் நாட்டின் அட்லாண்டிக் கல்லூரியில் டெஸ்மண்ட் ஹோர் என்ற முன்னாள் கடற்படை அதிகாரியும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய யோசனை இது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. அதை எடுத்து வளர்த்து, 1972இல் 'அட்லாண்டிக் 21' படகுகளைப் பணியில் இறக்கியது. உயிர் காக்கப் பிறந்த படகு என்பதால் எளிதில் கவிழாது. தண்ணீர் உள்ளே வந்தாலும் மிதக்கும், டியூபில் ஓர் அறை கிழிந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இரண்டும் காகிதத்தில் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எங்கே வித்தியாசம்?

இருக்கையில். நீளத்தில் 10 சென்டிமீட்டர், திறனில் 10 எச்.பி. எல்லாம் நீங்கள் கடலில் உணரப்போகிற வித்தியாசம் அல்ல. வீட்டில் இருப்பவர்களிலேயே சின்னவரும் மூத்தவரும் எங்கே உட்காருவார்கள், எதைப் பிடித்துக்கொள்வார்கள், எவ்வளவு நனைவார்கள் என்பதுதான் அந்தப் படகு இரண்டு வருடம் கழித்தும் உங்களிடம் இருக்குமா என்பதை முடிவு செய்கிறது. ஓட்டுகிற அப்பாவுக்கு எந்தப் படகும் பிடித்துப்போகும். கையில் ஸ்டியரிங் இருக்கிறது, அடுத்த அலை எப்போது வரும் என்று தெரிகிறது, முழங்காலை மடக்கித் தயாராக நிற்கிறார். பின்னால் இருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. விளம்பரம் எழுதுபவர்கள் ஓட்டுபவரை மனதில் வைத்து எழுதுகிறார்கள். வாங்கும்போது நீங்கள் பின்னால் இருப்பவரை மனதில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஜாக்கி இருக்கை நல்லதா, பெஞ்ச் நல்லதா?

பெரியவர்களுக்கு ஜாக்கி இருக்கை அருமையானது. கால் இரண்டும் தரையில் ஊன்றும், தொடை இருக்கையை இறுக்கிப் பிடிக்கும், அலை அடிக்கும்போது முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் இது முழுவதும் கால் தரையில் எட்டினால்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கால் தொங்கும். கால் தொங்கினால் அடி முழுக்க இடுப்புக்கும் முதுகுக்கும் போகும், பிடி கையில் மட்டுமே நிற்கும். ஒன்பது வயதுப் பிள்ளை உயரமாக இருந்தால் சமாளிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

பெஞ்சில் சின்னப் பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வைக்கலாம். படகின் பின் பகுதிதான் குறைவாகக் குதிக்கும், ஆகவே பின் பெஞ்ச் இடமும் சரியானது. ஒன்றை மட்டும் பாருங்கள்: பிடிக்கும் கம்பியின் தடிமன். பெரியவர் கைக்குச் செய்த எஃகுக் கம்பியை ஐந்து வயதுக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்காது, கட்டை விரல் மற்ற விரல்களைத் தொடாமல் நின்றுவிடும். பார்க்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கம்பியைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். விரல் சேரவில்லையென்றால் இருக்கையின் அடியில் மெல்லிய துணிப் பட்டையால் ஒரு பிடி போட்டுக்கொள்ளலாம். சின்ன வேலைதான்.

டியூபின் மேல் உட்காருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்கிறார்கள். நங்கூரம் போட்டு நிற்கும்போது உட்காரட்டும், அதைப் போலச் சுகம் கிடையாது. வேகம் எடுத்த பிறகு பிள்ளைகள் டியூபில் இருக்கவே கூடாது. திருப்பத்தில் வெளியே விழுவது அங்கிருந்துதான். முன்னால் உள்ள மெத்தையும் அப்படியே. நிற்கும்போது அது வெயில் காயும் இடம், ஓடும்போது படகிலேயே மோசமாகக் குதிக்கும் இடம். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பான எம்.ஏ.ஐ.பி., ரிப் சவாரிகளில் முன்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு முதுகெலும்பு நொறுங்கிய சம்பவங்களை விசாரித்திருக்கிறது. வெள்ளைப் படகை விற்பவர் முன் மெத்தையைக் காட்டி "இங்கே மூன்று பேர் தாராளமாக" என்பார். கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்மம்மா ஏறி இறங்க முடியுமா?

இதை முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு, அப்புறம் வருந்துபவர்கள் அதிகம். முழங்கால் வலி உள்ள ஒருவர் சேலையோ பஞ்சாபியோ உடுத்திக்கொண்டு ஜாக்கி இருக்கையில் கால் தூக்கிப் போட முடியாது. பான்டூன் என்ற மிதக்கும் மேடையிலிருந்து ஏறுவதானால் இரண்டு படகிலும் டியூபின் மேல் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பி, மெதுவாக இறங்க வேண்டும். அதுவரை இரண்டும் சமம். உட்கார்ந்த பிறகு வெள்ளைப் படகில் சாய்மானம் உண்டு, சாம்பலில் இல்லை. கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் ஏற்றுவதானால் முன்பக்கம் ஒரு படி வேண்டும், அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அலையில் எது மென்மை? எது குறைவாக நனைக்கும்?

சொலண்டின் அலை உயரமான அலை அல்ல, நெருக்கமான அலை. மேற்கு சொலண்டில் கடல் வற்றும்போது நீர் மேற்கு நோக்கி ஓடுகிறது, இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. இரண்டும் எதிரெதிரே முட்டும்போது அரை மீட்டர், முக்கால் மீட்டர் உயரத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போலச் செங்குத்தாக நிற்கும் அலைகள். 5.5 மீட்டர் படகுக்கு இதுதான் மிகவும் எரிச்சலான அளவு. ஒன்றிலிருந்து இறங்கும்முன் அடுத்தது மோதும்.

இதில் உதவுவது இரண்டு: அடிப்பாகத்தின் 'வி' எவ்வளவு கூர்மை, படகு எவ்வளவு எடை. பின்பக்கத்தில் அளந்தால் 22 முதல் 24 டிகிரி இருப்பதை ஆழமான 'வி' என்பார்கள். நம் இரண்டு படகும் அந்த வரம்புக்குள்தான். எடையில் ஃபைபர் கிளாஸ் படகு சுமார் 100 கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம், அந்தக் கூடுதல் எடை அலையை அழுத்திக்கொண்டு போக வைக்கும். அலுமினியம் இலேசானது. சட்டென்று எழும்பி ஓடும், ஆனால் அலையில் 'டம்' என்று தட்டும், சத்தமும் அதிகம். சத்தம் ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை, அந்தச் சத்தம்தான் பயம்.

நனைவதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. டியூபின் குறுக்களவு, முன்முனை எவ்வளவு மேலே வளைகிறது, டியூப் அடியில் நீர் தெறிப்பைத் திருப்பும் பட்டை, ஓட்டும் மேடை எவ்வளவு பின்னால் இருக்கிறது, இத்தனையும் சேர்ந்து செய்யும் வேலை அது. காற்று முன்பக்கவாட்டிலிருந்து வரும்போது ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹைபலான், பி.வி.சி.: எது? இதற்குத்தானே எல்லோரும் சண்டை போடுகிறார்கள்?

சண்டைக்குக் காரணம் உண்டு, ஆனால் பாதிச் சண்டை தேவையில்லாதது.

ஹைபலான் என்பது டுபான்ட் நிறுவனம் ஒரு செயற்கை ரப்பருக்கு வைத்த பெயர். டுபான்ட் அதன் தயாரிப்பை 2010இலேயே நிறுத்திவிட்டது. இன்று வேறு நிறுவனங்கள் அதே வேதிப்பொருளைப் பூசிய துணியைச் செய்கின்றன, பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வெயிலையும் பெட்ரோலையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும். ஒழுங்காகப் பராமரித்தால் 15, 20 வருடம் போகும். துண்டுகளைக் கையால் பசை போட்டு ஒட்டுவதால் விலை கூடும். ஒட்டிய தையல்தான் அதன் பலவீனமான இடம்.

பி.வி.சி. துண்டுகளைச் சூட்டால் உருக்கி இணைக்கலாம், தையல் உறுதியாக நிற்கும், விலையும் குறைவு. பிரச்சினை வயது. அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறும். டியூப் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் விறைத்துப்போகும். சன் கிரீம் பூசிய முதுகோடு பிள்ளைகள் சாய்ந்து உட்காருவது இதை விரைவுபடுத்தும், துண்டு விரித்து உட்காரச் சொல்வது நல்லது. பத்து வருடத்துக்கு மேல் நல்ல நிலையில் இருக்கும் பி.வி.சி. படகுகள் இங்கே நிறைய உண்டு. அவற்றுக்குப் பொதுவான விஷயம் ஒன்றுதான்: பயன்படுத்தாத நாளில் மூடி வைத்திருப்பார்கள். இங்கிலாந்து வெயில் தெற்கு ஸ்பெயின் வெயில் அல்ல, அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆகவே நான் கேட்பது "எந்தத் துணி" என்று இல்லை, "படகு எங்கே தூங்கும்" என்று. கராஜிலோ, நல்ல உறை போட்டு வீட்டு முற்றத்திலோ என்றால் பி.வி.சி. போதும். வருடம் முழுக்கத் திறந்த வெளியில், மூடாமல், ஒரு நங்கூரப் பிணையில் என்றால் ஹைபலானுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். டியூபை முழுதாக மாற்றும் செலவு பல ஆயிரம் பவுண்ட். ஏழெட்டு வருடப் பி.வி.சி. படகை வாங்கும்போது அந்த எண் மனதில் இருக்கட்டும்.

அலுமினிய அடிப்பாகம் துரு பிடிக்காதா?

இரும்புபோலத் துரு பிடிக்காது, ஆனால் அரிக்கும். எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் வெள்ளைப் பொடி கட்டும், பெயின்ட் கொப்பளிக்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டை அதில் பூசவே கூடாது.

அதற்குப் பதிலாக அலுமினியம் தரும் நன்மை பெரிது. சொலண்ட் கரை பல இடங்களில் மணல் இல்லை, கூழாங்கல். பிள்ளைகள் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கரையில் முட்டினால் ஃபைபர் கிளாஸின் மேல்பூச்சு முன்முனையில் தேய்ந்து, உள்ளே நார் தெரிய ஆரம்பிக்கும். அலுமினியத்தில் கீறல் விழும், அதோடு சரி. கரையேறுவதே உங்கள் பொழுதுபோக்கு என்றால் இது சாம்பல் படகின் பக்கம் விழும் ஓட்டு. வெள்ளைப் படகுக்கு முன்முனைக் காப்புப் பட்டை ஒட்டலாம், முழுத் தீர்வு இல்லை.

90 எச்.பி. போதுமா? எரிபொருள் எவ்வளவு ஆகும்?

இலேசான சாம்பல் படகுக்கு 90 போதும். எடை கூடிய வெள்ளைக்கு 100. ஐந்து பேர், சாப்பாட்டுக் கூடை, முழுத் தொட்டி என்று ஏற்றிய பிறகும் சட்டென்று எழும்பி ஓடுகிறதா என்பதுதான் கேள்வி, உச்ச வேகம் அல்ல.

இந்த அளவு படகு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சவுத்தாம்ப்டனுக்கு அருகே உள்ள ஹாம்பிளிலிருந்து, ஐல் ஆஃப் வைட்டின் மேற்கு முனையில் நிற்கும் நீடில்ஸ் பாறை வரை போய்வர ஏறத்தாழ 35 கடல் மைல், அதாவது 35 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது கடலோடிகளின் கணக்கு. சாம்பலின் 70 லிட்டரில் செலவழிக்கக்கூடியது 47. அமைதியான நாளில் தாராளம். அலை எழும்பி, படகு மாறி மாறி வேகம் குறைத்து ஏறும்போது செலவு ஒன்றரை மடங்காகப் போகலாம். அப்போது 52 லிட்டர், கையிருப்பில் கை வைக்க வேண்டிவரும். வெள்ளையின் 100 லிட்டரில் அந்தக் கவலை இல்லை.

படகில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் தகட்டில் பத்துப் பேர் என்று போட்டிருக்கிறதே?

அது படகு தாங்கும் எண்ணிக்கை. இருக்கையின் எண்ணிக்கை அல்ல. சாம்பலில் நான்கு பேர், வெள்ளையில் ஐந்து பேர் ஒழுங்காக உட்காரலாம். அதற்கு மேல் ஏற்றினால் யாரோ ஒருவர் டியூபில்தான். நம் குடும்பத்துக்கு அந்த ஐந்தாவது இடம்தான் அம்மம்மாவின் இடம்.

அதே தகட்டில் 'சி' என்று ஒரு எழுத்து இருக்கும். பூஃபோர்ட் அளவில் காற்று விசை 6 வரை, அலை 2 மீட்டர் வரை தாங்கும் வடிவமைப்பு என்று பொருள். அந்த அளவுக் காற்றில் குடும்பத்தோடு போகலாம் என்று பொருள் இல்லை. பிள்ளைகளோடு போவதற்கு என் எல்லை விசை 3, காற்றும் நீரோட்டமும் ஒரே திசை என்றால் 4.

எங்கள் காரால் இழுக்க முடியுமா?

படகு 420 முதல் 520 கிலோ, இயந்திரம் 160 முதல் 180, முழுத் தொட்டி 50 முதல் 75, ட்ரெய்லர் சுமார் 350, சாமான் 100. கூட்டினால் சாம்பல் 1,100 கிலோவை ஒட்டியும் வெள்ளை 1,200ஐ ஒட்டியும் வரும். 750 கிலோவுக்கு மேல் என்பதால் ட்ரெய்லரில் பிரேக் கட்டாயம். 2021 டிசம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண கார் லைசென்சிலேயே 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம், தனிப் பரீட்சை இல்லை. ஆனால் உங்கள் காரின் எல்லை வேறு. சின்னக் கார்களும் சில மின்சாரக் கார்களும் இந்த எடையை இழுக்க அனுமதிக்கப்பட்டவை அல்ல. காரின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் படகு பார்க்கப் போங்கள்.

பழைய படகில் எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் டியூப். முந்தைய நாளே காற்றடித்து வைக்கச் சொல்லுங்கள், போனதும் ஒவ்வொரு அறையாக அழுத்திப் பாருங்கள். இரவுக் குளிரில் எல்லா அறையும் கொஞ்சம் தளரும், அது இயல்பு. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிடத் தளர்ந்திருந்தால் கசிவு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒரு ஸ்பாஞ்சால் வால்வைச் சுற்றியும், டியூப் அடிப்பாகத்தோடு ஒட்டும் நீளமான விளிம்பிலும் தடவுங்கள். கசிவு இருந்தால் நுரை வெடிக்காது. ஊசிமுனை அளவில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒரே இடத்தில் வரிசையாக முளைத்துக்கொண்டே இருக்கும், துடைத்தாலும் மறுபடி அதே இடத்தில் வரும். வால்வில் என்றால் மலிவான வேலை. ஒட்டுவிளிம்பில் ஒரு கை நீளத்துக்கு என்றால் விலையைப் பேசுங்கள், அல்லது வந்துவிடுங்கள்.

அப்புறம் இயந்திரம் தொங்கும் பின்பலகை. இயந்திரத்தைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்கால் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். பலகையும் சேர்ந்து வளைகிறதா என்று உடன் வந்தவர் பார்க்கட்டும். ஃபைபர் கிளாஸ் படகில் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் திருகாணியைச் சுற்றி மட்டும் மொத்தென்று மாறினால் உள்ளே மரம் ஊறிவிட்டது.

மொத்த விலையில் பாதி இயந்திரத்தில் இருக்கிறது என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். சர்வீஸ் ரசீதுகள் வருடத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இயந்திரம் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் தடையில்லாமல் வர வேண்டும்.

பிரிட்டனில் கடற்படகைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. அதனால் உரிமையை நிரூபிப்பது விற்பனை ரசீதுகளின் சங்கிலிதான். பின்பலகையின் வலப்பக்கத்தில் பொறித்த அடையாள எண், இயந்திரத்தின் தொடர் எண் இரண்டையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். இங்கே படகு இயந்திரத் திருட்டு அதிகம். எண் தகடு பிடுங்கியிருந்தால் கதை கேட்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்வது?

முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போங்கள். விற்பவர் தனியாக உங்களை மட்டும் ஏற்றி அமைதியான நீரில் 30 நாட் காட்டினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆற்றுக்குள் 6 நாட் வேகத்தில் நேராகப் போகிறதா என்று பாருங்கள். ஹாம்பிள் ஆற்றில் வேக எல்லை அதுதான், ஒவ்வொரு பயணத்திலும் போகும்போதும் வரும்போதும் அந்த வேகத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டும். வெளியே வந்ததும் அலைக்கு எதிரே 15 நாட், அப்புறம் அலையைப் பக்கவாட்டில் வாங்கி, அப்புறம் அலையோடு. ஓட்டுவதைத் துணைவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள். அங்கே பத்து நிமிடம் இருந்தால் இந்தப் பக்கம் முழுவதும் சொல்வதைவிட அதிகம் தெரியும். கடைசியில் நிறுத்திவிட்டு, ஏணியைத் தண்ணீரில் இறக்கி, அது எத்தனை படி கீழே போகிறது என்று பாருங்கள். ஒரு படிதான் என்றால் நனைந்து களைத்த ஒருவரால் ஏற முடியாது.

கில் கார்டு, உயிர்காப்பு அங்கி, லைசென்ஸ்: எது கட்டாயம்?

பொழுதுபோக்குப் படகுக்குப் பிரிட்டனில் ஓட்டுநர் லைசென்ஸ் இல்லை. ஆனாலும் பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ. நடத்தும் பவர்போட் லெவல் 2 என்ற இரண்டு நாள் பயிற்சியைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே எடுங்கள். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்திருந்தால், அவர் தண்ணீரில் விழும் நாளில் படகில் மீதி இருப்பவர்கள் வெறும் பயணிகள்.

கில் கார்டு என்பது ஓட்டுபவரின் காலில் மாட்டும் சிவப்பு நிறச் சுருள் கயிறு. ஓட்டுபவர் இடத்தைவிட்டு விலகினால் இயந்திரம் நின்றுவிடும். 2013 மே மாதம் கார்ன்வாலில், பேட்ஸ்டோவுக்கு அருகே ஒரு திருப்பத்தில் ரிப்பிலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் முழுவதும் தூக்கி எறியப்பட்டது. கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். எந்தப் படகை வாங்கினாலும் இயந்திரத்தைக் கிளப்பும் முன் கயிறு தொடையில் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று வாங்கிப் பெட்டியில் வையுங்கள், ஓட்டுபவர் விழுந்தால் மற்றவர் படகைக் கிளப்ப அது தேவைப்படும்.

அங்கி எல்லோருக்கும், எப்போதும். பிள்ளைகள் அங்கியில் கால்களுக்கு நடுவே போகும் பட்டை கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி தலைக்கு மேலே கழன்றுவிடும். கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவும் வேண்டும். கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, கடைசியில் எது?

இந்தக் குடும்பத்துக்கு வெள்ளை. பெஞ்சுக்காக, ஐந்தாவது இருக்கைக்காக, கூடுதல் எடையின் மென்மைக்காக, பெரிய தொட்டிக்காக. பி.வி.சி. என்பதால் உறை வாங்கும் பணத்தையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால், அம்மம்மா கரையிலேயே இருக்க விரும்பினால், கூழாங்கல் கரையில் அடிக்கடி ஏற்றுவதாக இருந்தால், அல்லது கார் சின்னது என்றால் சாம்பல். இடையில் ஒரு வழியும் உண்டு: பல படகுகளில் ஜாக்கி இருக்கைகளைக் கழற்றி பெஞ்ச் மாட்டலாம். தளத்தில் அதற்கான பிணைப்பு எங்கே இருக்கிறது என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கண்ட இடத்தில் துளை போட்டால் எரிபொருள் தொட்டியில் போய் முடியலாம்.

இரண்டுமே வேண்டாம் என்று எப்போது சொல்வது?

வருடத்தில் நாலைந்து நாள்தான் போவீர்கள் என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது பகிர்ந்து பயன்படுத்தும் படகுக் கழகத்தில் சேருங்கள். காப்பீடு, சர்வீஸ், ட்ரெய்லர் டயர், இறக்குதளக் கட்டணம் எல்லாம் படகு தண்ணீரைத் தொடாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்.

வாங்கியாயிற்று. முதல் பயணம் எங்கே?

நீடில்ஸ் வேண்டாம், இப்போதைக்கு ஐல் ஆஃப் வைட்டும் வேண்டாம். தீவுக்குப் போவதென்றால் பெரிய கப்பல்களின் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் வந்தால் அதன் முன்னால் 1,000 மீட்டரும் பக்கங்களில் 100 மீட்டரும் சின்னப் படகுகளுக்குத் தடை. கரையிலிருந்து பார்க்கும்போது மெதுவாகத் தெரியும் கன்டெய்னர் கப்பல் நிஜத்தில் மெதுவாக வருவதில்லை.

ஹாம்பிள் ஆற்றின் முகத்துக்கு அருகே உள்ள வார்சாஷ் இறக்குதளத்தில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறக்குங்கள். சவுத்தாம்ப்டன் பக்கம் உயர்நீர் இரண்டு தடவை எழும்பி, இரண்டு மணி நேரம் அளவுக்கு இறங்காமல் நிற்கும். திரும்பி வந்து ட்ரெய்லரில் ஏற்ற அது நல்ல அவகாசம். ஆற்றிலிருந்து வெளியே வந்து வடக்கே திரும்பி, ஹாம்பிள் எண்ணெய் முனையத்தின் டேங்கர்களுக்கு நல்ல இடைவெளி விட்டு, நெட்லி கரை வரை போங்கள். பழைய ராணுவ மருத்துவமனையின் தேவாலயக் கூரை தூரத்திலிருந்தே தெரியும். அங்கே நங்கூரம் போட்டு, புளிச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்தில் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழுவுங்கள், ட்ரெய்லர் சக்கரத்தையும் சேர்த்து.